குங்குமத்துக்கு மேலே நாலு விரல்

அத்தியாயம் 6

தீபாவளிக்கு ஐந்தே நாள் இருந்தது. காரைக்குடியின் பாதி ஜனம் ‘ஒன்பது வாசல் ஜவுளி மாளிகை’க்குள்தான் குடியிருக்கிறதோ என்று எண்ணும்படி கூட்டம். கோட்டையூரிலிருந்தும் சாக்கோட்டையிலிருந்தும் டவுன் பஸ்ஸில் நசுங்கி வந்தவர்கள், வாசலில் முகத்தில் மோதிய குளிர்காற்றுக்கே பாதி சொக்கிப் போய் உள்ளே நுழைந்தார்கள்.

அந்தக் குளிர் வந்து விழும் சல்லடைக்கு நேர் கீழே, பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தாள் அபி. சேலை எடுக்க வந்தவள் இல்லை. புருஷனைத் தேடி வந்தவள்.

“அந்த ரிப்பனைப் பாருங்கக்கா,” என்று மேலே கை காட்டினாள். சல்லடைக் கம்பியில் கட்டிய ஒரு முழச் சிவப்பு ரிப்பன் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. “அவுக கட்டுனது. இது ஆடுச்சுனா நான் உள்ள வேலையில இருக்கேன்னு அர்த்தம், சேலை பாக்க வந்தாக்கூட மேல ஒரு பார்வை பாத்துட்டுப் போன்னு சொல்லுவாக. எட்டு நாளா ஆளில்லாமலே ஆடுது.”

அபிக்காகத் துப்பறிய வந்திருந்த முத்தழகு அண்ணாந்து பார்த்தாள்.

அபியின் புருஷன் வேல்பாண்டி இந்தக் கட்டடத்தின் குளிர்சாதன ஆப்பரேட்டர். எட்டு நாளுக்கு முன் வேலைக்கு வந்தவன் வீடு திரும்பவில்லை. மறுநாள் காலையில் அவன் கைபேசியிலிருந்து அபிக்கு ஒரு வரி வந்தது: ‘நான் வேறு வாழ்க்கை தேடிப் போகிறேன். என்னைத் தேட வேண்டாம்.’ அதோடு கைபேசி அணைந்துவிட்டது. போலீஸ் ஸ்டேஷனில் அந்த வரியைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். எவளோடு போனான் என்று பக்கத்து வீட்டிலேயே விசாரிம்மா என்றார்கள். பக்கத்து வீடுகள் கேட்காமலே நாலு பெயர் சொல்லின.

அபி மட்டும் ஒன்று சொன்னாள். “கல்யாணமாகி மூணு வருசத்துல அவுக எனக்கு ஒரு எழுத்து அடிச்சதில்லக்கா. எல்லாம் பேசித்தான் அனுப்புவாக. ‘அபி, கருவாடு வாங்கு’ன்னாக்கூடப் பேசித்தான்.” அந்த ஒரு சொல்லை நம்பித்தான் முத்தழகு இந்த வழக்கை எடுத்தாள்.

“ஆளு கெடைச்சா என்ன செய்வ?” என்று கேட்டார் ஏகப்பன். முத்தழகின் உதவியாளர். முப்பது வருடம் டவுன் பஸ்ஸில் விசில் ஊதி ஓய்வு பெற்ற கண்டக்டர். ஆள் பெரிய உடம்பு. வாய் அதைவிடப் பெரிசு.

“செருப்பால அடிப்பேன்,” என்றாள் அபி. சொல்லி முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. “எவகூட இருந்தாலும் பரவால்லண்ணே. உசுரோட இருக்காகன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். இல்ல, போதாது. என்னைய விட்டுட்டுப் போனாகளா, இல்லையா? அது ஒன்னு தெரியணும்.”

“இங்கயே இரு,” என்றாள் முத்தழகு. “தெரிஞ்சுக்கிட்டு வாரேன்.”

பின்வாசலில் உதயகுமார் காத்திருந்தான். ஆறு மாடிக்கும் மின்சாரம், லிப்ட், குளிர் எல்லாவற்றுக்கும் பொறுப்பான என்ஜினியர்.

“வா, அழகு.”

அவளை அப்படிக் கூப்பிட ஊரில் ஒரே ஆள்தான் உண்டு. என்ஜினியரிங் கல்லூரியில் நான்கு வருடம் ஒரே கடைசி பெஞ்சு. இவள் அமராவதிபுதூரில் களையெடுக்கிற வீட்டில் முதல் பட்டதாரி. அவன் சாக்கோட்டையில் கிணறு வெட்டுகிற வீட்டில் முதல் பட்டதாரி. முதல் செமஸ்டரில் புரொபசர் பேசிய இங்கிலீஷ் ஒரு வரியும் ஏறாமல், புத்தகத்தில் ஒவ்வொரு வார்த்தைக்கு மேலேயும் பென்சிலால் தமிழ் எழுதி எழுதித்தான் இருவரும் பாஸ் ஆனார்கள். படிப்பு முடிந்ததும் அவனுக்கு இந்த வேலை கிடைத்தது. இவளை, போன இடத்திலெல்லாம் ‘அப்பா என்ன செய்கிறார்’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் சேர்த்துப் பதில் சொல்கிற ஆத்திரத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிறுவனத்தின் பலகையை மாட்டினாள்.

அவனைப் பார்த்தால் மட்டும் அந்த ஆத்திரம் கொஞ்சம் தணியும். ஏன் என்று அவள் இதுவரை தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அடித்தளத்தில் இரண்டு குளிர்விப்பான் இயந்திரங்கள் லாரி போல உறுமிக்கொண்டிருந்தன. அதற்கு அப்பால், தரைக்குள் புதைந்த ஒரு பெரிய கான்கிரீட் தொட்டி. மேலே பூட்டிய இரும்பு மூடி. மூடியில் ‘தனியாக இறங்காதே’ என்று சிவப்பில் எழுதியிருந்தது.

“சாயங்காலம் ஆறு மணிக்கு ஊரே லைட்டப் போடும், மோட்டாரப் போடும்,” என்று விளக்கினான் உதயகுமார். “அந்த நேரத்துல கரண்டுக்கு அடிதடி. அதனால ஆறுலருந்து பத்து வரைக்கும் நாங்க இந்த ரெண்டு மெஷினையும் நிறுத்திருவோம்னு மின்வாரியத்துக்கு ஒத்துக்கிட்டிருக்கோம். ராத்திரி ஊரு தூங்குறப்ப, கரண்டு சும்மா கெடக்குறப்ப, இந்தத் தொட்டிக்குள்ள ஐஸைக் கட்டி வச்சுக்குவோம். மறுநாள் சாயங்காலம் அந்த ஐஸ் குளிர்லதான் கடை ஓடும்.”

“புரியுது தம்பி,” என்றார் ஏகப்பன். “பஸ் ஸ்டாண்டுல கூட்டம் ஏறுறதுக்கு முன்னாடியே நான் டிக்கெட்டக் கிழிச்சு விரலிடுக்குல சொருகி வச்சுக்குவேன். அதே தொழில்நுட்பம்தான். எனக்கு யாரும் என்ஜினியர்னு பட்டம் கொடுக்கல.”

“உள்ள என்ன, ஐஸ் பாளமா?” என்றாள் முத்தழகு.

“பந்து. உரிச்ச தேங்கா அளவு பிளாஸ்டிக் பந்து, இருபதாயிரம். பந்துக்குள்ள தண்ணி. பந்தைச் சுத்தி, உறையாத மருந்து கலந்த தண்ணி. பந்து உறைஞ்சா பெருக்கும். பெருத்தா சுத்தியிருக்கிற தண்ணியத் தள்ளும். தள்ளுன தண்ணி இந்தச் சின்னத் தொட்டிக்கு வந்துரும்.”

பக்கத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு சதுரத் தொட்டி. அதன் பக்கவாட்டில் நெட்டுக்குத்தாக ஒரு கண்ணாடிக் குழாய். “இந்தக் குழாயில தண்ணி மேல ஏறுனா ஐஸ் நெறைஞ்சிருச்சுன்னு அர்த்தம். கீழ எறங்குனா கரைஞ்சு தீந்துருச்சு. வேல்பாண்டி கண்ணு எப்பவும் இதுலதான் இருக்கும்.”

ஏகப்பன் குழாயைத் தட்டிப் பார்த்தார். “எங்க ஊரணியில நான் குளிக்க எறங்குனா ரெண்டு படி முழுகிரும். என் சம்சாரம் கரையில உக்காந்து, ‘இந்தா ஏறிட்டாக’ன்னு தண்ணியப் பாத்தே சொல்லிருவா, ஆளைப் பாக்க வேண்டாம்.”

உதயகுமார் சிரிக்கவில்லை. கூட்டத்து அலுப்பு என்று முத்தழகு நினைத்துக்கொண்டாள்.

அவள் கண் குழாயில் நின்றது. உச்சியில் ஒன்று, அடியில் ஒன்றாக இரண்டு வெள்ளை டேப் துண்டுகள். மேல் டேப்பில் இங்கிலீஷில் ‘ஃபுல்’, கீழ் டேப்பில் ‘எம்ப்டி’. தண்ணீர் சரியாக மேல் டேப்பைத் தொட்டு நின்றது. ஆனால் அந்த டேப்புக்குக் கீழே, நாலு விரல் தள்ளி, காய்ந்த சந்தனமும் குங்குமமும். அடி டேப்புக்குக் கீழேயும் அதே நாலு விரலில் இன்னொரு பொட்டு.

“ஆயுத பூஜைக்கு வச்சதா?”

“ஆமா. வேல்பாண்டி எல்லாத்துக்கும் வைப்பான். மெஷினு, பம்பு, ஸ்பேனர் எல்லாத்துக்கும்.”

“டேப்பு?”

“அதுவும் அவன் ஒட்டுனதுதான். தொட்டி கட்டுன நாள்லருந்து அப்படியேதான் இருக்கு.”

அவன் இடுப்பில் இருந்த வாக்கி-டாக்கி கத்தியது. நாலாவது மாடியில் லிப்ட் நின்றுவிட்டதாம். “இந்தா வந்துர்றேன், அழகு,” என்று படியேறிப் போனான்.

அவன் செருப்புச் சத்தம் மறைந்ததும் முத்தழகு குழாயருகே குந்தினாள். “ஏகப்பண்ணே, இந்த அளவுக் குழாய்க்கு ஒரு ஆளு பொட்டு வைக்கிறான். எங்க வைப்பான்?”

“நெத்தி எங்கயோ அங்க. குழாய்க்கு நெத்தி ஏது?”

“இருக்கு. அவன் தெனமும் பாக்கிற இடம்தான் நெத்தி. ஒன்னு மேல, ஒன்னு கீழ. நடுவுல எங்கயுமே இல்ல பாருங்க.” விரல் நகத்தால் மேல் பொட்டைச் சுரண்டாமல் தொட்டுப் பார்த்தாள். சந்தனத்தின் மேல் விளிம்பில் பழைய டேப்பின் பிசின் ஒட்டியது. “டேப்பு இங்கதான் இருந்துச்சு. டேப்பு மேலயே பொட்டு வச்சிருக்கான். சந்தனம் வழிஞ்சு கண்ணாடியில காஞ்சிருக்கு. அப்புறம் யாரோ பழைய டேப்ப உரிச்சு எறிஞ்சிட்டு, நாலு விரல் மேல புதுசு ஒட்டியிருக்காக. வழிஞ்ச பொட்ட மட்டும் தொடைக்கல.”

“பூசை வச்ச பொட்ட எவன் தொடைப்பான்? சாமி கண்ணக் குத்தும். எங்க பஸ்ஸு கண்ணாடியில வச்ச பொட்டு அடுத்த பூசை வரைக்கும் இருக்கும்; டிரைவரு எட்டி எட்டித்தான் ரோட்டப் பாப்பான்.” ஏகப்பன் மூக்கைச் சொறிந்தார். “சரி, இப்ப ஐஸ் கூடுதலாப் புடிக்குது போல. அதான் கோட்ட ஏத்தியிருக்காக.”

“அப்படின்னா மேல் டேப்பு மட்டும்தானே ஏறணும்? கீழயும் ஏன் ஏறுச்சு?”

ஏகப்பன் மறுபடி குழாய்க்குக் குனிந்தார்.

“எவ்வளவு ஐஸ் கட்டுனாலும் பத்து மணிக்கு எல்லாம் கரைஞ்சிருது. கரைஞ்சா தண்ணி பழைய கீழ்ப்பொட்டுக்கு எறங்கியாகணும். எறங்கல. கரைஞ்ச பெறகும் நாலு விரல் மேலயே நிக்குது. உள்ள ஏதோ கூடுதலா இருக்கு, அண்ணே. உறையாதது. கரையாதது.”

“மருந்துத் தண்ணி கொஞ்சம் ஊத்தியிருப்பான், வேல்பாண்டி எடத்துக்குப் புதுசா வந்தவன்.”

சுவரோரம் அந்த மருந்து அடைத்த எட்டு நீலப் பீப்பாய்கள். முத்தழகு ஒவ்வொன்றாகத் தொட்டாள். எட்டிலும் கம்பெனி சீல், எட்டின் மேலும் தூசி. அந்த அறையில் வெளித் தண்ணீர் பிடிக்கிற குழாய் என்று ஒன்று கிடையவே கிடையாது. அவள் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துச் சின்னத் தொட்டியை அளந்தாள். நீளம் ஒரு மீட்டர். அகலம் தொண்ணூறு சென்டிமீட்டர். நாலு விரல் என்பது ஏழு சென்டிமீட்டர். உதடு அசைய மனக்கணக்குப் போட்டாள்.

“அறுபத்து மூணு லிட்டர்.”

“அறுபத்து மூணா? எங்கயோ கேட்ட மாதிரி…” ஏகப்பன் சட்டைப் பையைத் தடவினார். போலீஸில் கொடுத்த ‘காணவில்லை’ விண்ணப்பத்தின் நகல் நாலாக மடித்துக் கிடந்தது. பிரித்தார். மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படித்தார். “வேல்பாண்டி. வயது முப்பத்தொன்று. மாநிறம். வலது புருவத்தில் தழும்பு. எடை…”

நின்றுவிட்டார்.

முப்பது வருடம் ஒரு ஸ்டாப்பிங்கிலும் ஓயாத வாய் அது. இப்போது அந்தத் தாளைப் பார்த்தபடி திறந்தே இருந்தது. கண் மெல்ல நகர்ந்து இரும்பு மூடிக்குப் போயிற்று.

“ஆத்தா,” என்றார், குரல் கம்மி. “நான் ஊரணியில எறங்குனதச் சொல்லிச் சிரிச்சேனே ஆத்தா.”

முத்தழகு மேல் டேப்புக்கு வெகு அருகே முகத்தைக் கொண்டுபோனாள். டேப்பை மாற்றியவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் மாற்றினான், புதிதாக வந்த ஆப்பரேட்டர் சந்தேகப்படக் கூடாது என்று. யார் அவன்?

‘ஃபுல்’ என்ற பேனா எழுத்துக்கு மேலே, கண்ணை இடுக்கினால்தான் தெரியும்படி, பென்சிலால் குட்டியாக ஒரு தமிழ் வார்த்தை: ‘நிறைவு.’

கடைசி பெஞ்சு. கட்டாந்தரையில் விரித்த தெர்மோடைனமிக்ஸ் புத்தகம். ஒவ்வொரு வார்த்தை தலையிலும் உட்கார்ந்திருந்த அதே சாய்ந்த எழுத்து. விட முடியாத பழக்கம். அவளுக்கும் இருந்தது; நேற்றுகூட ஒரு இங்கிலீஷ் படிவத்தில் அப்படித்தான் எழுதினாள்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுவதற்கு முந்தைய இடத்தில் நெஞ்சு போய் நின்றுகொண்டது.

செருப்புச் சத்தம் இறங்கி வந்தது.

“லிப்ட் சரியாயிருச்சு,” என்று வந்த உதயகுமார், ஏகப்பன் மூடிக்குப் பக்கத்தில் குல்லாவைக் கழற்றிக் கையில் பிடித்து நிற்பதைப் பார்த்தான். பிறகு முத்தழகைப் பார்த்தான். பிறகு குழாயை.

“டேப்பு அவன் ஒட்டுனதுன்னு சொன்ன,” என்றாள். “அவன் எட்டாங்கிளாஸு. இங்கிலீஷ் எழுத மாட்டான். எழுதுறவன் எவனும் மேல பென்சில்ல தமிழ் எழுத மாட்டான். இந்த ஊருல ரெண்டே பேருதான் எழுதுவோம், உதயா. நான் ஒட்டல.”

அவன் சுவரில் சாய்ந்தான்.

“நான் கொல்லல, அழகு.”

“தெரியும்.”

“பந்தெல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கிரும். வாரம் ஒரு தடவை மூடியத் திறந்து கம்பாலத் தள்ளிச் சமப்படுத்தணும். ஒருத்தன் கயிறு புடிக்கணும். அன்னைக்கு… காலையில வந்து பாக்குறேன். மூடி திறந்து கெடக்கு. ஓரத்துல செருப்பு. போனு பேனல் மேல சார்ஜுல இருக்கு. கூப்பிட்டேன், அழகு. கம்ப விட்டுத் துழாவிப் பாத்தேன். பந்துதான் வந்துச்சு.”

“கயிறு புடிக்கிற ஆளு எங்க போனான்?”

உதயகுமார் கண்ணை இரும்பு மூடிக்குத் திருப்பினான்.

“எங்கடா போனான்?”

“பட்டுச்சேலை மாடிக்குக் கட்டுத் தூக்க ஆளு பத்தலன்னாக. சென்னையிலருந்து முதலாளி பேசுனாரு. நான்தான் அனுப்பினேன்.”

“அப்புறம் மூடியப் பூட்டுன.”

“தொட்டியக் காலி பண்ணா மூணு நாளு கடை சூடு. தீபாவளிக் கடையச் சாத்தச் சொன்னா என்னைய விட்டுவைப்பாகளா? எங்கப்பன் இன்னும் கெணத்துக்குள்ள எறங்குறாரு, அழகு. தீபாவளி முடிஞ்ச மறுநாள் நானே திறந்திருப்பேன். சத்தியமா. போனவன் போயிட்டான், அஞ்சு நாள்ல அவனுக்கு என்ன ஆயிரப்போகுதுன்னு…”

“அவனுக்கு ஒன்னும் ஆகாது. மேல ரிப்பனுக்குக் கீழ ஒருத்தி உக்காந்திருக்காளே, அவளுக்கு?” அவள் எழுந்தாள். குரல் உயரவில்லை, உயராததுதான் பயமாக இருந்தது. “நீதான அந்த மெசேஜ அனுப்புன? வேறு வாழ்க்கை. செத்தவனை ஓடிப்போனவனாக்குன. எட்டு நாளா தெருவுல ஒவ்வொருத்தியும் அவளைப் பாத்துச் சிரிச்சிருக்கா. எட்டு நாளா அவ, புருஷன் போனதுக்கு அழுறதா, போன விதத்துக்கு அழுறதான்னு தெரியாம உக்காந்திருக்கா. ஊரு சனமெல்லாம் மேல சேலையப் பிரிச்சு, ‘அப்பா, என்னா குளிரு’ன்னு போகுது. அவன் மேல பட்டு வர்ற குளிருடா அது.”

“நம்மள்ல ஒருத்தராச்சும் மேல வரணும்னு நீதான சொல்லுவ,” என்றான் அவன், சின்னப் பையன் போல.

“சொன்னேன். கீழ இருக்கிறவன் மேல மூடியப் போட்டுட்டு வரச் சொல்லல.”

மணி ஆறு ஆயிற்று. சொல்லி வைத்தாற்போல் இரண்டு இயந்திரங்களும் தாமாகவே அடங்கின. பம்பு ஒன்று மட்டும் முனகத் தொடங்கியது. தொட்டியின் குளிர் மேலே ஏறப் போகிறது. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஒரு மயிரிழை இறங்கியது.

பேனல் பெட்டியின் நடுவில் காளான் போல ஒரு சிவப்புப் பொத்தான். முத்தழகு உள்ளங்கையை வைத்து ஓங்கி அமுக்கினாள்.

பம்பு நின்றது. தலைக்கு மேலே ஆறு மாடியிலும் ஓடிக்கொண்டிருந்த காற்றாடிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூச்சை விட்டன. வாக்கி-டாக்கி அலறத் தொடங்கியது. உதயகுமார் அதை எடுக்கவில்லை. தரையில் குந்தி, முழங்காலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான். அந்தப் பிடரியை நான்கு வருடம் பெஞ்சில் பக்கத்திலிருந்து பார்த்தவள், ஒரு கணம் கையை நீட்டினாள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

“அண்ணே, ஸ்டேஷனுக்குப் பேசுங்க. மூடிகிட்ட நில்லுங்க. இனி அவரு தனியா இருக்க வேண்டாம்.”

“நிக்கிறேன் ஆத்தா,” என்றார் ஏகப்பன்.

இருபத்திரண்டு படி. ஒவ்வொரு படியிலும் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து, அடுத்த படியில் அதை எறிந்துவிட்டு ஏறினாள். மேலே அதற்குள் சலசலப்பு. விசிறியாக மடித்த கட்டைப்பைகளால் பெண்கள் வீசிக்கொண்டிருந்தார்கள். “காசு வாங்குறாகல்ல, ஏசியப் போடச் சொல்லு!” என்று ஒருவர் கத்தினார்.

அபி அதே பெஞ்சில் இருந்தாள். இவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்தாள்.

“தெரிஞ்சிருச்சாக்கா? எந்த ஊரு?”

தயார் செய்த வாக்கியம் ஒன்றும் முத்தழகின் கையில் இல்லை. “ஓடிப் போகல, அபி,” என்றாள். “உன்னைய விட்டுட்டு எங்கயும் போகல.”

அபியின் முகத்தில் எட்டு நாள் கழித்து விளக்கேற்றியது போல் ஒரு சிரிப்பு. “நான் சொன்னேன்லக்கா! அவுக எழுத்தே அடிக்க மாட்டாகன்னு நான் சொன்னேன்ல! பாவி மனுசன், அப்ப எட்டு நாளா எங்குட்டு இருந்தாக?”

“இங்கதான். கீழ.”

“இங்கயா?” அபி அவசரமாக நெற்றி முடியை ஒதுக்கினாள். முந்தானையை நீவி விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, புருஷனைப் பார்க்கப் போகிற பெண்டாட்டியாக ஒரு அடி எடுத்து வைத்தவள், வழக்கம்போல மேலே ஒரு பார்வை பார்த்தாள்.

ரிப்பன் நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

எடுத்து வைத்த கால் அப்படியே நின்றது. கூட்டமும் சத்தமும் இரண்டு பக்கமும் வழிந்து போக, அபி ரிப்பனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, கேள்வி மாதிரியும் இல்லாமல், பதில் மாதிரியும் இல்லாமல் சொன்னாள்:

“அவுக இருந்தா இது நிக்காதேக்கா.”